குட்டை வாழை வீட்டில்: கன்று தேர்வதிலிருந்து தார் வெட்டுவது வரை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குள் நுழைந்தபோது, தாம்பரம் பக்கம் எங்கள் கொல்லையில் நின்ற பூவன் வாழை தாரோடு மதில்மேல் சாய்ந்தது. பன்னிரண்டு அடி உயரம். இன்னும் மூன்று வாரம் நின்றிருந்தால் வெட்டியிருக்கலாம். முற்றாத காயைப் பொரியல், பஜ்ஜி என்று தெருவுக்கே பங்கு போட்டு முடித்தோம். அடுத்த மாசியில் அதே மூலையில் ஒரு குட்டை வாழை வைத்தேன். அதன் தார் என் இடுப்பு உயரத்தில்தான் தொங்கும். ஏணியும் வேண்டாம், புயலென்றால் அவ்வளவு பதறவும் வேண்டாம்.

ஆனால் முதல் தார் நான்கே சீப்பு. கன்று வைத்து ஐந்து மாதம் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு இருந்தேன். பூ எட்டிப் பார்த்ததும் உரமும் புண்ணாக்குமாக ராஜ உபசாரம் செய்தேன். வாழைக்கு இது தலைகீழ். தாரில் எத்தனை சீப்பு என்பது பூ வெளியே தெரிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, தண்டுக்குள் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு போடும் உரம் காயைப் பருக்க வைக்கலாம், சீப்பைக் கூட்டாது. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் முதல் ஐந்து மாதத்தில் வருவது அதனால்தான்.

எந்தக் குட்டை?

நர்சரியில் "குட்டை வாழை" என்று கேட்டால் இரண்டில் ஒன்று வரும். ஒன்று குட்டை கேவண்டிஷ். நம் ஊரில் மோரிஸ், பச்சை வாழை, குழி வாழை என்று பல பெயர். மகாராஷ்டிரத்தில் இதையே பஸ்ராய் என்பார்கள், அசாமில் ஜஹாஜி. மோரிஸ் என்பது மொரீசியஸ்தான். அந்தத் தீவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஒரு கன்றை, டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவண்டிஷின் சாட்ஸ்வொர்த் மாளிகைக் கண்ணாடி வீட்டில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வளர்த்து 1835இல் பூக்க வைத்தார். பெயர் கோமகனுக்குப் போனது. வேலை செய்தது தோட்டக்காரர். சரி, அது உலக வழக்கம். இந்த வாழை ஐந்திலிருந்து ஆறரை அடிக்குள் நின்றுவிடும்.

இன்னொன்று கிராண்ட் நைன். ஜி-9 என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு "பெரிய குட்டை" என்று பொருள். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்: ஆறரை, எட்டு அடி வரை போகும். திசு வளர்ப்புக் கன்றாக, அதாவது ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றாக, எங்கும் சுலபமாகக் கிடைப்பது இதுதான். தரையில் வைக்க இடம் இருந்தால் ஜி-9, தொட்டி என்றால் குட்டை கேவண்டிஷ் என்பது என் கணக்கு. ஜி-9 வாழையைக் காமா கதிரால் மாற்றி உருவாக்கிய காவேரி வாமன் என்ற குட்டை ரகம் பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்திருக்கிறது. திருச்சியில் 1993இலிருந்து இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் சோதித்துத் தேர்ந்த ரகம் அது. கன்று கைக்குக் கிடைத்தால் மாடிக்கு அதையே தேர்ந்தெடுப்பேன்.

பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி இவற்றைக் குட்டை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கற்பூரவல்லி மாடி வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும்.

கன்று

திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் ஒரு அடி உயரமும் ஐந்தாறு இலையும் இருக்க வேண்டும். அதற்கும் சின்னதை வாங்கிக் கோடை வெயிலில் வைத்தால் தாங்காது. குட்டை கேவண்டிஷின் இளம் இலைகளில் சிவப்பும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும். நோய் என்று பயந்து நான் முதல் கன்றைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். அது ரகத்தின் இயல்பு, வளர வளர மறைந்துவிடும்.

தெரிந்தவர் தோட்டத்திலிருந்து பக்கக் கன்று எடுப்பதானால் ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலையோடு, அடி பருத்து நுனி சிறுத்த கன்றாக எடுங்கள். சின்ன வயதிலேயே அகலமான இலை விட்ட கன்று பார்க்க அழகாக இருக்கும். அதன் கிழங்கில் சரக்கு இருக்காது. அதை நீர்க்கன்று என்று ஒதுக்குவார்கள். கிழங்கு ஒன்றரை, இரண்டு கிலோ இருந்தால் நல்லது. கன்றைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். தாய் வாழையின் இலைகள் உச்சியில் கொத்தாக, விறைத்து நிற்கிறதென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய வேர்களை நறுக்கி, கிழங்கில் கறுத்த, துளை விழுந்த பகுதிகளைச் சீவி எடுங்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். தண்டை முக்கால் அடி விட்டு வெட்டிவிடலாம். பிறகு வேர் நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கிழங்கை முக்கி, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டு நடலாம்.

இடமும் குழியும்

குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலிலும் வாழை வளரும், ஆனால் உயரமாக, ஒல்லியாக, தார் தள்ள இரண்டு மூன்று மாதம் தாமதித்து. சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். இலை சுவரில் உரசிக் கிழியும், தார் எந்தப் பக்கம் தள்ளும் என்பது நம் கையில் இல்லை. இரண்டு வாழைக்கு இடையில் குட்டை கேவண்டிஷுக்கு ஐந்து அடி, ஜி-9க்கு ஆறு அடி.

நம் வீடுகளில் வாழைக்கு இடம் பெரும்பாலும் குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம்தான். அது கெட்ட பழக்கம் இல்லை. குளித்த தண்ணீரை வாழை தாங்கும். வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் திருப்பி விடுங்கள். டிடர்ஜென்ட் உப்பு சேரச் சேர இலை ஓரம் கருகும், மண்ணும் இறுகும். தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கிற இடமும் ஆகாது. ஈரம் பிடிக்கும் என்பதற்காக வாழையைச் சேற்றுச் செடி என்று நினைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும்.

ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. ஒரு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் பத்து கிலோவும் வேப்பம் புண்ணாக்கு கால் கிலோவும் கலந்து நிரப்பி, கிழங்கின் கழுத்து மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் இருக்கும்படி நட்டு, சுற்றி மிதித்து, தண்ணீர் விடுங்கள். களிமண் என்றால் குழிக்குள் வைப்பதைவிட மேட்டுப்பாத்தி கட்டி அதில் வைப்பது மேல்.

எப்போது நடுவது? கன்று வைத்து எட்டு, ஒன்பது மாதத்தில் தார் தள்ளும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். சென்னை, கடலூர், நாகை மாதிரி கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகைப் புயல் நேரத்தில் தார் சுமந்து நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாசியில் வைத்த என் வாழை சரியாக ஐப்பசியில் பூ தள்ளி, பயந்துகொண்டே நாட்களைக் கழித்தேன். கடலோரத்தில் ஆடி மழைக்குப் பிறகு வைத்தால் அடுத்த கோடையில் தார் வரும், ஆவணிக்குள் வெட்டிவிடலாம். ஆடிக் காற்று பலமாக வீசும் ஊர்களில் இதையே வேறு விதமாகக் கணக்குப் போட வேண்டும்.

மாடியில் தொட்டி

பதினெட்டு அங்குலப் பையில் வாழை வளர்த்துத் தார் எடுத்ததாக வீடியோக்கள் இருக்கின்றன. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டினால் கிடைக்கும் 100 லிட்டர் அளவுதான் குறைந்தபட்சம். அடியில் எட்டு, பத்து ஓட்டை. நனைந்த கலவையோடு அது 100 கிலோவைத் தாண்டும், வாழையும் தாரும் சேர்ந்தால் இன்னும் கூடும். அதனால் மாடித் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ போகிற கோட்டின்மேல் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் நாலு டிரம் ஏற்ற வேண்டாம்.

கலவைக்கு செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கூடவே இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை மட்டும் நம்பினால் எடை குறையும், ஆனால் தாரோடு காற்றில் டிரம்மே கவிழும். மாடியில் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே, காற்று நேராக அடிக்காத மூலைதான் வாழையின் இடம்.

தண்ணீர்

வளர்ந்த வாழைக்குக் கோடையில் நாளுக்கு 20, 25 லிட்டர் வரை வேண்டும். ஒன்றரைக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கன்றுக்கு அதில் பாதி போதும். வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணிலேயே பரவிக் கிடப்பதால், மேல்மண் காய்ந்தால் வாழை உடனே உணரும். வெட்டிப் போடுகிற காய்ந்த இலை, மட்டை எல்லாவற்றையும் அடியிலேயே மூடாக்காகப் போடுங்கள், தண்ணீர்ச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விடுங்கள், வாழையைத் துளைக்கும் கூன்வண்டு அங்கேதான் குடியிருக்கும்.

உரம்: முதல் ஆறேழு மாதக் கதை

வாழைத் தண்டு என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒன்றையொன்று சுற்றிய இலை மட்டைகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் நடு முனையிலிருந்து ஒவ்வொரு இலையும் குருத்தாக மேலே வருகிறது. நல்ல வெயில் காலத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒன்று. நாலைந்து மாதத்தில் அந்த முனை இலை விடுவதை நிறுத்திப் பூவாக மாறுகிறது. அப்போது செடியிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சீப்பின் எண்ணிக்கை. பிறகு அந்தப் பூ தண்டின் நடுவே ஏறி வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நாம் அதைப் பார்த்துக் கைதட்டும்போது எல்லாம் முடிந்துபோன விஷயம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நேந்திரன் அல்லாத ரகங்களுக்குப் பரிந்துரைத்துவரும் அளவு ஒரு வாழைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 110, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 35, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 330 கிராம். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், விகிதத்தைப் பாருங்கள்: சாம்பல் சத்து தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு. வீட்டுத் தோட்டக்காரர்கள் செய்கிற தவறு இதற்கு நேர் எதிர். சாணம், யூரியா என்று தழைச்சத்தாகவே கொட்டுவோம். இலை பச்சைப்பசேல் என்று மதமதவென வளரும், தார் வராது.

கடை உரத்தில் சொன்னால் மொத்தம் யூரியா 240 கிராம், சூப்பர் பாஸ்பேட் 220 கிராம், பொட்டாஷ் 550 கிராம். சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் மூன்றாம் மாதம் போட்டுவிடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் மூன்றாகப் பிரித்து மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் போடச் சொல்வது வழக்கம். திசு வளர்ப்புக் கன்று வேகமாக வளரும் என்பதால் நான் ஒரு மாதம் முன்னால் தள்ளி இரண்டு, நான்கு, ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் யூரியா 80 கிராம், பொட்டாஷ் 180 கிராம். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகத் தூவி, லேசாகக் கிளறி, உடனே தண்ணீர். தொட்டியில் இந்த அளவை ஒரேயடியாகப் போட்டால் வேர் வெந்துவிடும். மொத்தத்தில் பாதி எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று தண்ணீரில் கரைத்து விடுங்கள்.

இயற்கை வழியில்தான் வளர்ப்பேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் மண்ணுக்கு நல்லவை. ஆனால் சாம்பல் சத்து எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். விறகுச் சாம்பலில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் இருக்கும், அதனால் ஒரு கைப்பிடிச் சாம்பல் ஒன்றும் செய்யாது, மாதா மாதம் அரைக் கிலோவாவது வேண்டும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தோலை நறுக்கி அடியில் புதையுங்கள், நல்லது. ஆனால் நாலு தோலில் ஒரு தார் விளையாது.

பக்கக் கன்றும் இலையும்

மூன்றாம் மாதத்திலிருந்து பக்கக் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். வாழையடி வாழை என்று நெகிழ்ந்து எல்லாவற்றையும் விட்டுவைத்தால் தாய்க்குப் போக வேண்டியது பிள்ளைகளுக்குப் போகும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மண்மட்டத்துக்கு வெட்டி, நடுக் குருத்தைக் கத்தி நுனியால் குடைந்து எடுத்துவிடுங்கள். குடையாமல் வெட்டினால் மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கும். தாய் பூ தள்ளிய பிறகு ஒரே ஒரு ஈட்டிக் கன்றை, தார் தொங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் விட்டுவையுங்கள்.

அடுத்தது வீட்டுச் சண்டை. அமாவாசைக்கும் விருந்துக்கும் இலை வேண்டும் என்று அம்மா நறுக்கிவிடுவார். இலைக்காக வளர்ப்பதானால் அதற்குப் பூவன் வைத்துக்கொள்ளலாம். பழம் வேண்டுமென்றால் பூ தள்ளும் நேரத்தில் எட்டு நல்ல இலையாவது செடியில் நிற்க வேண்டும். பூ வந்த பிறகு புது இலை வராது, இருக்கிற இலைதான் கடைசி வரை காயை வளர்க்கும். எங்கள் வீட்டில் கடைசியில் எட்டிய ஒப்பந்தம்: ஐந்தாம் மாதத்துக்கு முன் மாதம் ஒரு இலை, பிறகு கைவைக்கக் கூடாது. காற்றில் இலை கிழிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது வாழையின் தற்காப்பு.

பூ வந்த பிறகு

குட்டை என்றாலும் தார் தள்ளியதும் முட்டுக் கொடுங்கள். சவுக்குக் கம்பு இரண்டைப் பெருக்கல் குறி போலக் கட்டி, தார் தொங்கும் பக்கம் தண்டின் கழுத்தைத் தாங்கும்படி நிறுத்தினால் போதும். குட்டை கேவண்டிஷில் ஒரு தொல்லை உண்டு. மட்டைகள் நெருக்கமாக இருப்பதால் குளிர் காலத்திலோ தண்ணீர் பஞ்சத்திலோ தார் முழுதாக வெளியே வராமல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கத்தியால் கீறி உதவப் போகாதீர்கள். தண்ணீரை ஒழுங்காக விட்டுக் காத்திருங்கள்.

மடல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து சீப்புகள் விரியும். கடைசிச் சீப்பு காய்ப்பிடித்த பிறகு வரும் பூக்கள் காய்க்காது. ஒரு வாரம் பொறுத்து, கடைசிச் சீப்புக்குக் கீழே ஒரு சாண் விட்டு வாழைப்பூவை ஒடித்துவிடுங்கள். அன்றைக்குப் பருப்பு உசிலி.

மூன்று ஆபத்துகள்

முடிக்கொத்து நோய்தான் வீட்டு வாழைக்கு எமன். கறுப்பு அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தந்திக் குறி போலத் தெரியும். புதிய இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும். மருந்து கிடையாது. முதலில் அசுவினியைக் கொல்ல மருந்து தெளித்து, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அப்படியே பிடுங்கினால் பூச்சி பக்கத்து வீட்டு வாழைக்குப் பறக்கும். அந்தக் கன்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது தண்டு கூன்வண்டு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தண்டில் சிறு துளையும் அதில் பிசின் மாதிரி வழவழப்பும் கண்டால் உள்ளே புழு இருக்கிறது. காய்ந்த இலை மட்டைகளை உரித்துத் தண்டைச் சுத்தமாக வைத்திருப்பதே பாதிக் காவல். பழைய வாழைத் தண்டை இரண்டடி நீளத்தில் நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி இரவில் தரையில் வையுங்கள். காலையில் திருப்பினால் வண்டுகள் ஒட்டியிருக்கும், பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடலாம்.

மூன்றாவது, பூஞ்சையால் வரும் வாடல் நோய். அடி இலையிலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட கிரோ மிஷல் வாழையை இந்தப் பூஞ்சைதான் ஒழித்தது, அந்த இடத்துக்கு வந்ததுதான் கேவண்டிஷ். இப்போது அதையும் தாக்கும் புது வகை பீகார், உத்தரப்பிரதேசம் வரை வந்துவிட்டது. அதனால் ஊர் தெரியாத கன்றை வாங்காமல் இருப்பது நல்லது.

இலை ஓரம் மட்டும் கருகினால் நோயைத் தேடுவதற்கு முன் உப்புத் தண்ணீரையும் பொட்டாஷ் குறையையும் சந்தேகியுங்கள்.

வெட்டுவதும் பழுக்க வைப்பதும்

பூ வெளிவந்து மூன்று, மூன்றரை மாதத்தில் காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வரும். முனையில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூ தொட்டதும் உதிரும். மேல் சீப்பில் ஒரு காய் பழுக்கும் வரை காத்திருந்தால் அணிலும் வௌவாலும் நமக்கு முன்னால் வந்துவிடும். வெட்டும் நாளில் பழைய லுங்கி கட்டிக்கொள்ளுங்கள், வாழைக்கறை எந்த சோப்புக்கும் போகாது.

சீப்பாக நறுக்கிக் கறை வடியவிட்டு, அரிசி டிரம்மிலோ மூடிய அட்டைப் பெட்டியிலோ ஒரு பழுத்த பழத்தோடு வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சளாகட்டும் என்று காத்திருப்பார்கள், உள்ளே கூழாகிவிடும். நம் ஊர் வெக்கையில் கேவண்டிஷ் தோலின் பச்சை முழுதாக மறையாது. கடையில் மஞ்சளாகத் தெரிவது குளிரூட்டிய அறையில் பழுத்தது. "பச்சைப்பழம்" என்று பெயர் வந்ததே இதனால்தான். அழுத்திப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

தார் வெட்டிய தாய் இனிக் காய்க்காது. தண்டு சமைக்க வேண்டுமென்றால் அன்றைக்கே வெட்டி நடுத்தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதி உயரத்தில் வெட்டி ஒரு மாதம் நிற்க விடுங்கள், அதில் இருக்கும் நீரும் சத்தும் கன்றுக்கு இறங்கும். மறுதாம்பு என்று சொல்லும் அந்தக் கன்றுக்கும் உரக் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, தாரை வெட்டிய வாரமே முதல் பங்கைப் போடுங்கள். ஒவ்வொரு மறுதாம்பிலும் கிழங்கு கொஞ்சம் மேலே ஏறி வரும். வேர் வெளியே தெரிந்தால் இரண்டு கூடை மண் அணையுங்கள். மூன்று, நான்கு தார் எடுத்த பிறகு தார் சிறுத்தால் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த கன்றை ஐந்தடி தள்ளிப் புதுக் குழியில் வையுங்கள்.